"ஆர் ஸ்கொயர் 0.999 வந்திருக்கு மேம், ஓகேதானே?"

ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல்தான் வருவார்கள். கையில் ஒரு பென்டிரைவ், அதில் ஓர் எக்செல் ஃபைல், முகத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்ட வேலையின் களை. வேதியியல் துறையின் கருவி அறையை நீண்ட காலமாகப் பார்த்துக்கொள்கிறவள் நான். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் கருவி) ரீடிங் எடுத்துவிட்டு, போகிற போக்கில் இந்தத் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்பார்கள். ஆர் ஸ்கொயர் என்பது போட்ட கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம். அதற்கு நான் சட்டென்று "ஓகே" சொன்னதில்லை. அவர்களுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கணினியிடம் கோடு கேட்டால் கொடுத்துவிடும். எந்தக் கன்றாவிக்கும் கொடுக்கும். "இந்தத் தரவுக்கு நான் கோடு போட மாட்டேன்" என்று எக்செல் மறுத்து நான் பார்த்ததில்லை. புள்ளிகளுக்குப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்குக்குத் தொடர்புப்போக்கு (ரிக்ரெஷன்) என்று பெயர். அதற்குப் பின்னால் இருக்கும் மீச்சிறு வர்க்க முறை, நம்மிடம் கேட்காமலே சில விஷயங்களை நம்பிக்கொள்கிறது: உறவு நேர்கோடுதான், பிழை முழுவதும் செங்குத்து அச்சில்தான், கிடை அச்சு சுத்தம், அந்தப் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி ஆள். இதில் எது உங்கள் தரவில் பொய்யோ அங்கேதான் கோடு தவறும். அதனால் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உன் பிழை எங்கே குடியிருக்கு?"

நான் அதிகம் பார்த்த வேலை, தண்ணீரில் பாஸ்பேட் அளப்பது. அதை வைத்தே சொல்கிறேன். மாலிப்டினம் நீல முறை: மர்ஃபியும் ரைலியும் 1962-ல் எழுதியது, இன்னும் ஓடுகிறது. அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் நீலம் வரும், 880 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் (கரைசல் ஒளியை விழுங்கும் அளவு) படிக்க வேண்டும். தெரிந்த செறிவில் ஆறு ஸ்டாண்டர்டு, அதற்கொரு கோடு, அந்தக் கோட்டை வைத்துத் தெரியாத சாம்பிளின் செறிவு. இதைவிட எளிமையான தொடர்புப்போக்கு இல்லை என்று தோன்றும்.

கணக்கு சுலபமாக இருக்க நானே அமைத்த எண்கள் இவை. பாஸ்பரஸ் செறிவு, லிட்டருக்கு மில்லிகிராமில்: 0, 0.05, 0.1, 0.2, 0.5, 1.0. அப்சார்பன்ஸ்: 0.004, 0.038, 0.072, 0.140, 0.342, 0.640. ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படாவிட்டாலும் பாதிவரை தேவைப்படும்.

முதலில் சரியான படம்

எக்செலில் "லைன்" என்றொரு சார்ட், "ஸ்கேட்டர்" என்றொரு சார்ட். நேர்கோடுதானே வேண்டும் என்று லைனை அழுத்துகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். லைன் சார்ட்டுக்கு உங்கள் செறிவு வெறும் பெயர்ப்பலகை. 0.2, 0.5, 1.0 எல்லாவற்றையும் சம இடைவெளியில் வைத்து, உள்ளுக்குள் 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு கோடு போடும். மேலே உள்ள எண்களுக்கு அப்படிப் போட்டால் ஆர் ஸ்கொயர் 0.829. ஒரு பையன் அதைப் பார்த்துக் கலங்கிப்போய், "பாலினாமியல்" இரண்டாம் படிக்கு, அதாவது வளைகோட்டுக்கு, மாற்றினான். இதே எண்களுக்கு அது 0.987 ஆகிவிடும். நோயும் போகவில்லை, காய்ச்சல் மட்டும் இறங்கிவிட்டது. ஸ்கேட்டரில் போட்டிருந்தால் எந்த வைத்தியமும் இல்லாமல் 0.999.

சார்ட்டில் தெரியும் சமன்பாட்டை அப்படியே தாளில் பார்த்து எழுதுவதும் ஆபத்து. எக்செல் அங்கே எண்களைச் சுருக்கிக் காட்டும். பாலினாமியல் என்றால் "3இ-05" என்று ஒற்றை இலக்கத்தில் நிற்கும். அதை வைத்துக் கணக்கு போட்டால் விடை எங்கோ போகும். ஸ்லோப், இன்டர்செப்ட், லின்எஸ்ட் ஃபங்ஷன்களை செல்லிலேயே போட்டு எடுங்கள்.

0.999-க்குள் ஒளிந்திருப்பது

சரியாகப் போட்ட கோடு இது: அப்சார்பன்ஸ் = 0.0093 + 0.638 × செறிவு. ஆர் ஸ்கொயர் 0.999. தீசிஸில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் போலிருக்கும்.

போவதற்கு முன் எச்சங்களைக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டர்டுக்கும், அளந்த அப்சார்பன்ஸிலிருந்து கோடு சொல்லும் அப்சார்பன்ஸைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான். வருவது வரிசையாக: −0.005, −0.003, −0.001, +0.003, +0.014, −0.007. எண்களை மறந்துவிட்டுக் குறிகளை மட்டும் பாருங்கள். கழித்தல் மூன்று, கூட்டல் இரண்டு, கடைசியில் மறுபடி கழித்தல். தற்செயல் பிழை இப்படி வரிசை கட்டி நிற்காது. இது ஒரு வில். உண்மையான உறவு மேலே போகப்போக வளைகிறது. நாம் அதன்மேல் ஸ்கேலை வைத்து அழுத்துகிறோம். ரீஏஜென்ட் (நிறம் வரச் சேர்க்கும் வேதிப்பொருள்) போதாமல் போயிருக்கலாம், கருவிக்குள் சிதறும் ஒளியாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் 1.0 ஸ்டாண்டர்டு மற்ற ஐந்தோடு ஒத்துப்போகவில்லை.

"0.01 வித்தியாசத்துக்கா மேம் இவ்வளவு?" என்பார்கள். சரி, ஏரித்தண்ணீர் சாம்பிள் ஒன்று 0.018 அப்சார்பன்ஸ் காட்டுகிறது என்று வையுங்கள். இந்தக் கோட்டின்படி செறிவு 0.014. அடியில் உள்ள நான்கு ஸ்டாண்டர்டுகளை மட்டும் வைத்துக் கோடு போட்டால், அப்சார்பன்ஸ் = 0.004 + 0.68 × செறிவு, அதன்படி 0.021. மூன்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் காணாமல் போய்விட்டது, 0.999-இன் கண்ணெதிரே. பிளாங்க்கையே (பாஸ்பரஸ் சேர்க்காத 0 ஸ்டாண்டர்டு) அந்த முதல் கோட்டில் திருப்பிப் போட்டால் செறிவு −0.008 வரும். எதிர்மறைப் பாஸ்பேட்டை எந்த ஏரியிலும் யாரும் பார்த்ததில்லை.

ஏன் இப்படி? ஸ்டாண்டர்டுகளை வைத்த இடம் அப்படி. ஐந்து பேர் 0.5-க்குள், ஒருவர் மட்டும் தள்ளி 1.0-இல். அந்த ஒற்றைப் புள்ளியின் லெவரேஜ் 0.82; உச்சமே 1 தான். அதாவது கோட்டின் மேல்முனையை ஏறக்குறைய அந்தப் புள்ளி ஒன்றே பிடித்து இழுக்கிறது. 1973-ல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் இதற்கென்றே நான்கு தரவுகளைக் கட்டிக் காட்டினார்: பதினொரு பதினொரு புள்ளிகள், நான்குக்கும் ஒரே கோடு, ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்) நான்குக்கும் 0.816. ஒன்றில் உறவே வளைவு. இன்னொன்றில் தள்ளி நிற்கும் ஒரே ஒரு புள்ளி இல்லாவிட்டால் சாய்வு என்று ஒன்றே கிடையாது. படம் வரையாதவருக்கு நான்கும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது: உங்கள் சாம்பிள்கள் எந்த எல்லைக்குள் விழுகின்றனவோ, ஸ்டாண்டர்டுகளை அந்த எல்லைக்குள் வையுங்கள். ஏரித்தண்ணீருக்கு 0 முதல் 0.2 போதும், எப்போதாவது மிஞ்சும் சாம்பிளை நீர்த்துப் படியுங்கள். இன்னும் கீழே போக வேண்டுமானால் 5 சென்டிமீட்டர் குவெட் (கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சின்னப் பாத்திரம்) இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கும். பிறகு ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் கோட்டில் திருப்பிப் போட்டு, எத்தனை சதவீதம் தவறுகிறது என்று பாருங்கள். மேலே உள்ள கோட்டில் 0.05 ஸ்டாண்டர்டு 0.045 ஆக வரும், பத்து சதவீதம் குறைவு. ஆர் ஸ்கொயரைவிட இந்தச் சின்ன அட்டவணை எனக்கு ஆயிரம் விஷயம் சொல்லும்.

ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் மூன்று முறை தனித்தனியாகத் தயாரித்துப் பாருங்கள். செறிவு ஏற ஏற ரீடிங்குகளின் சிதறலும் ஏறுகிறதா? அப்படியானால் "பிழை எங்கும் ஒரே அளவு" என்ற நம்பிக்கை உடைந்துவிட்டது. மேலே இருக்கும் சத்தமான புள்ளிகள் கீழே இருக்கும் அமைதியான புள்ளிகளை மிரட்டிக் கோட்டைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். எடையிட்ட தொடர்புப்போக்கு அதற்குத்தான்: சிதறலின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை. ஆர் மென்பொருளில் எல்எம் ஃபங்ஷனுக்குள் வெயிட்ஸ் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் முடிந்தது.

கோட்டை வலுக்கட்டாயமாகப் பூஜ்யம் வழியாக அனுப்பும் பழக்கம் பற்றி இரண்டே வரி. பிளாங்க் 0.004 காட்டுகிறது என்றால் அது ரீஏஜென்ட்டின் நிறம், அதை ஒழித்துக்கட்ட நமக்கு உரிமை இல்லை. பூஜ்யத்தில் கட்டிய கோட்டுக்கு மென்பொருள் ஆர் ஸ்கொயரையே வேறு சூத்திரத்தில், சராசரியிலிருந்து இல்லாமல் பூஜ்யத்திலிருந்து கணக்கிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "இது மேல்" என்பது தப்பு.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. இந்த நீலத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல், முப்பது நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். எல்லோரும் ஸ்டாண்டர்டை 0-இல் தொடங்கி ஏறுவரிசையில்தான் படிக்கிறார்கள். கடைசிச் செறிவுக்கு வரும்போது நேரமும் கடைசி. நேரத்தால் நிறம் மாறினால் அந்த மாற்றம் செறிவின் வேஷத்தில் உள்ளே வந்துவிடும், எந்த எச்சப் படமும் அதைப் பிடித்துக் கொடுக்காது. குவெட் கழுவச் சோம்பல்படாமல், சீட்டுக் குலுக்கிப்போட்டு வரிசையைக் கலைத்துப் படியுங்கள்.

கிடை அச்சும் பொய் சொல்லும்

மண் ஈரப்பதம் அளக்கும் மலிவான சென்சாரைச் சோதிக்க ஒரு மாணவி வந்தாள். ஒரு பக்கம் சென்சார், மறுபக்கம் மண்ணை 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்க்கும் பழைய முறை. சென்சாரைச் செங்குத்து அச்சில் வைத்துக் கோடு போட்டாள், சாய்வு 0.8 அளவுக்கு. "சென்சார் இருபது சதவீதம் குறைத்துக் காட்டுகிறது" என்று முடிவுரை வரை எழுதிவிட்டாள். அச்சுகளை மாற்றிப் போடச் சொன்னேன். அப்போதும் சாய்வு 0.8 பக்கம். "இப்ப அடுப்பும் குறைச்சுக் காட்டுதா?" என்றேன். சிரித்துவிட்டாள், ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டுமே குறைத்துக் காட்டவில்லை. ஒரே வயலில் ஒரு சாண் தள்ளி எடுத்த மண்ணிலேயே ஈரம் மாறும். ஆகவே கிடை அச்சிலும் பிழை குடியிருக்கிறது. கிடை அச்சில் பிழை இருந்தால் புள்ளிகள் பக்கவாட்டில் விரிந்து, கோடு படுத்துவிடும். எவ்வளவு படுக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு: உண்மையான ஈரத்தின் திட்ட விலக்கம் 4, அளவீட்டுப் பிழையின் திட்ட விலக்கம் 2 என்றால், 16-ஐ 16 + 4-ஆல் வகுக்க வேண்டும். 0.8. அவளுடைய முடிவுரை முழுவதும் இந்த ஒரு வகுத்தலில் இருந்தது.

இந்தக் கணக்கின் பெயரே இப்படி ஒரு படுத்த கோட்டிலிருந்து வந்ததுதான். 1886-ல் பிரான்சிஸ் கால்டன் 928 வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தைப் பெற்றோரின் உயரத்தோடு ஒப்பிட்டார். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்பி நின்றார்கள், சாய்வு மூன்றில் இரண்டு. திருப்பிப் பார்த்தாலும், உயரமான பிள்ளைகளின் பெற்றோரும் சராசரிப் பக்கமே நின்றார்கள். அந்தத் திரும்புதலுக்குத்தான் "ரிக்ரெஷன்" என்று பேர். சிகிச்சைக்கு முன் அளவீடு மிக அதிகமாக இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பின்னால் குறைந்ததைச் சிகிச்சையின் கணக்கில் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இரண்டு முறைகளை ஒப்பிடும்போது இரு அச்சிலும் பிழைக்கு இடம் தரும் டெமிங் தொடர்புப்போக்கைப் பயன்படுத்துங்கள்; அதற்கு இரண்டின் பிழை விகிதம் தெரிய வேண்டும், அதாவது இரண்டு முறையிலும் ஒரே மாதிரியை மறுபடி அளந்திருக்க வேண்டும். அல்லது, பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-ல் சொன்னபடி, இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் சராசரிக்கு எதிராக வரைந்து பாருங்கள். ஒட்டுறவுக் கெழு மட்டும் போதவே போதாது. ஒரு கருவி எல்லாவற்றையும் இரண்டு மடங்காகக் காட்டினாலும் ஒட்டுறவு 1 தான்.

அறுபது இலை, ஐந்து தொட்டி

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் தவறு இது, ஏனென்றால் செடி வளர்ந்து முடிந்த பிறகு சரிசெய்ய வழியில்லை. உர அளவு ஐந்து. அளவுக்கு ஒரு தொட்டி. தொட்டிக்குப் பன்னிரண்டு இலை. பச்சையத்தை அளந்து அறுபது புள்ளி போட்டு, "என் = 60" என்று எழுதுவார்கள். உரத்தைத் தொட்டிக்குத்தானே போட்டீர்கள், இலைக்கா போட்டீர்கள்? ஜன்னல் ஓரத் தொட்டியில் வெயில் அதிகம் என்றால் அதன் பன்னிரண்டு இலையும் சேர்ந்தே மாறும். புள்ளிகள் தனித்தனி ஆள் இல்லை, ஐந்து குடும்பம்.

60 புள்ளிக்கு ஒட்டுறவுக் கெழு 0.254-ஐத் தாண்டினாலே ஐந்து சதவீத அளவில் பொருளுள்ளது என்று மென்பொருள் நட்சத்திரம் போடும். 5 புள்ளிக்கு 0.878-ஐத் தாண்ட வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எத்தனை தீசிஸ்கள் நிற்கின்றன என்று நான் எண்ணவில்லை. ஹர்ல்பர்ட் 1984-லேயே இதற்குப் போலிப் பிரதி என்ற பொருளில் "சூடோரெப்ளிகேஷன்" என்று பெயர் வைத்துத் திட்டித் தீர்த்துவிட்டார். தொட்டிக்கு நான்கு இலை போதும், தொட்டிகளைக் கூட்டுங்கள். இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால், தொட்டி வாரியாகச் சராசரி எடுத்துவிட்டுக் கோடு போடுங்கள், அல்லது தொட்டியைத் தற்செயல் விளைவாக வைத்துக் கலப்பு மாதிரி (தொட்டிக்குத் தொட்டி உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கும் முறை) ஓட்டுங்கள். இரண்டிலும் உர அளவைச் சோதிக்கக் கிடைக்கும் ஆட்கள் ஐவர்தான். வருடவாரித் தரவுக்கும் இதே கதை. இந்த வருடம் போன வருடத்தின் சொந்தக்காரன். 1926-ல் யூல் காட்டிய உதாரணம் எனக்குப் பிடிக்கும்: 1866 முதல் 1911 வரை இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதத்துக்கும் இறப்பு விகிதத்துக்கும் ஒட்டுறவு 0.95. இரண்டும் இறங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவே.

நேராக்கும் ஆசை

வளைவைக் கண்டால் எண்களைத் தலைகீழாக்கி (1-ஐ அந்த எண்ணால் வகுத்து) நேராக்கிவிடும் பழக்கம் நொதி வேதியியலில் இன்னும் சாகவில்லை. 1934-ல் லைன்வீவரும் பர்க்கும் தந்த வரைபடம், கால்குலேட்டர் இல்லாத காலத்துக்கு நல்ல தந்திரம். நொதி வினையின் வேகம் 10, பிழை கூட்டவோ குறைக்கவோ 1 என்றால், தலைகீழ் 0.09 முதல் 0.11 வரை. வேகம் 2, அதே பிழை 1 என்றால், தலைகீழ் 0.33 முதல் 1 வரை. மோசமாக அளந்த புள்ளிதான் இப்போது படத்தின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு கோட்டை ஆட்டிவைக்கிறது. நொதி வேகத்துக்கான மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டை அப்படியே வளைவாகவே பொருத்துங்கள். ஆர் மென்பொருளில் என்எல்எஸ், எக்செலில் சால்வர். நேர்கோட்டைக் கண்ணுக்குக் காட்ட வேண்டுமானால் காட்டுங்கள், எண்ணை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

இருபது மாறிகளைக் கொட்டி, ஸ்டெப்வைஸ் (மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்க்கும் முறை) ஓட்டி, நட்சத்திரம் விழுந்ததை மட்டும் எழுதுவது பற்றி: இருபதும் வெறும் குப்பை, ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றாலும், ஒன்றிலாவது நட்சத்திரம் விழும் வாய்ப்பு 64 சதவீதம். இதற்கு மேல் நான் பேசினால் சில கைடுகளோடு மனஸ்தாபம் வரும்.

விட்டுப்போன புள்ளிகள்

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் வெடிப்பதற்கு முந்தைய இரவு, பொறியாளர்கள் குளிரையும் ஓ-ரிங் (ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையம்) சேதத்தையும் பற்றித் தொலைபேசியில் விவாதித்தார்கள். சேதம் ஏற்பட்ட ஏவல்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. சேதமே இல்லாத ஏவல்களையும் சேர்த்துப் பார்த்தது பிறகு அமைந்த விசாரணைக் குழு. 63 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் அதற்குக் கீழும் நடந்த நான்கிலும் சேதம். 66-லும் அதற்கு மேலும் நடந்த இருபதில் மூன்றில் மட்டும். அன்று காலை ஏவும்போது வெளியே 36 டிகிரி.

எங்கள் லேபில் யார் உயிரும் போகாது. ஆனாலும் "கண்டறிய முடியவில்லை" என்று வந்த சாம்பிள்களை ஃபைலிலிருந்து நீக்கிவிட்டுக் கோடு போடுவது இதே காரியம்தான். அளந்த எல்லைக்கு வெளியே கோட்டை நீட்டுவதும் இதன் தம்பி. 2004-ல் நேச்சர் இதழில், நூறு மீட்டர் ஓட்ட நேரங்களின் கோடுகளை நீட்டி, 2156 ஒலிம்பிக்கில் பெண்கள் ஆண்களை முந்தலாம் என்று எழுதினார்கள். அதே கோடுகளை இன்னும் நீட்டினால், துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓட்டம் முடிந்துவிடும்.

கடைசியாக, எழுதும் விதம். அந்தப் பாஸ்பேட் வேலையை எல்லை குறைத்து மறுபடி செய்த ஒரு பெண்ணுக்கு நான் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "0 முதல் 0.2 மில்லிகிராம்/லிட்டர் வரை நான்கு ஸ்டாண்டர்டு, ஒவ்வொன்றும் மூன்று முறை தனித்தனியாகத் தயாரிக்கப்பட்டு, கலைத்த வரிசையில் படிக்கப்பட்டது. சாய்வும் வெட்டுத்துண்டும் அவற்றின் திட்டப் பிழைகளோடு தரப்பட்டுள்ளன. எச்சங்களின் படம் இணைப்பில். இந்த எல்லைக்கு மேல் வந்த சாம்பிள்கள் நீர்த்துப் படிக்கப்பட்டன." படித்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், "மேம், ஆர் ஸ்கொயர் எங்க?" கைடு கேட்பாராம். சரி, ஓரமாகப் போட்டுக்கோ என்றேன்.